ஒரே ரிவால்வர், இரண்டு கேஸ்: .38 ஸ்பெஷலா, .357 மேக்னமா?

வணக்கம் ஐயா,

ஒஹாயோவில் கொலம்பஸ் பக்கம் இருக்கிறேன். இந்த ஆண்டு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686 ரிவால்வர் ஒன்று வாங்கினேன். .357 மேக்னம், ஆறங்குலக் குழல். காகித இலக்கில் சுடுவது தவிர வேறு நோக்கம் இல்லை. இப்போதைக்கு 25 கஜம். கை தேறினால் உள்ளூர் புல்ஸ்ஐ (வட்ட இலக்கில் சுடும் போட்டி) லீக்கில் சேர வேண்டும், பிறகு தேசியப் போட்டி நடக்கும் கேம்ப் பெர்ரிக்கும் ஒருமுறை போக வேண்டும் என்று ஆசை. கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை, அதனால் ரீலோடிங் பழகுகிறேன், அதாவது சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டில் (கேஸில்) மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைப்பது. சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ், அதில் பொருத்தும் கார்பைடு டை (அச்சு), தராசு எல்லாம் வாங்கியாகிவிட்டது.

குழப்பம் கேஸில்தான். ".357 கேஸ் மட்டும் வாங்குங்கள், மருந்தைக் குறைத்துப் போட்டால் அதுவே .38" என்கிறார் கடைக்காரர். "பேப்பர் சுட .38 கேஸும் வாட்கட்டரும்தான்" என்கிறார் கிளப்பில் ஒரு பெரியவர். நீள சேம்பரில் (சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளையில்) குட்டைக் கேஸைப் போட்டால் குறி சிதறும் என்றும் படித்தேன். என்னிடம் சுட்டு முடித்த .38 கேஸ் ஆயிரம் இருக்கிறது (பல கம்பெனி கலப்படம்), .357 கேஸ் இருநூறு. வீட்டில் ஹெச்110 மருந்து ஒரு டப்பா கிடக்கிறது. அதையே குறைவாகப் போட்டுக்கொள்ளலாமா? துப்பாக்கி பலமானதுதானே, .38 கேஸில் .357 அளவுக்கு மருந்து போட்டால் என்ன? எதை எடுப்பது, எங்கே தொடங்குவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் தேவைக்கு .38 ஸ்பெஷல் கேஸ்தான். கிளப் பெரியவர் சொன்னது சரி. கடைக்காரர் சொன்னதும் தவறில்லை, ஆனால் அது வேறொருவருக்குப் பொருந்தும் பதில். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கடைசி இரண்டு கேள்விகளையும் முடித்துவிடுவோம், ஏனென்றால் இரண்டும் ஆபத்தானவை.

ஹெச்110 டப்பாவை மூடி எடுத்து வையுங்கள். அது மெதுவாக எரியும் மருந்து. கேஸ் ஏறக்குறைய நிறைய வேண்டும், மேலே கனமான குண்டு வேண்டும், கிரிம்ப் (கேஸின் வாயைக் குண்டின் மேல் மடக்கிப் பிடிப்பது) இறுக்கமாக வேண்டும். அப்போதுதான் அழுத்தம் ஏறி அது ஒழுங்காக எரியும். அட்டவணையில் உள்ள அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று அதை விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனமே எச்சரிக்கிறது. குறைத்தால் பாதி எரிந்து அணையும், குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், சில சமயம் பிளக்கும். மற்ற மருந்துகளில் 'குறைவாகப் போட்டால் பாதுகாப்பு' என்ற நினைப்பு ஓரளவு செல்லும். இதில் செல்லாது.

.38 கேஸில் .357 அளவு மருந்து போடவே கூடாது. இரண்டு கேஸுக்கும் விட்டம் ஒன்று, விளிம்பு ஒன்று, குண்டும் ஒன்று. வேறுபாடு நீளத்தில்: .38 கேஸ் 29.3 மில்லிமீட்டர், .357 கேஸ் 32.8 மில்லிமீட்டர். அதே மருந்தைக் குட்டைக் கேஸில் அடைத்தால் இடம் குறைவதால் அழுத்தம் .357இல் வருவதைவிடவும் கூடும். உங்கள் 686 தாங்கலாம். ஆனால் தோட்டா எப்போதும் அதைச் செய்தவர் கையிலேயே இருப்பதில்லை. என்றைக்கோ ஒருநாள் அந்தப் பெட்டியிலிருந்து ஒன்று யாருடைய பழைய .38 ரிவால்வருக்குள்ளோ போகும். .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் அமைப்பு வைத்திருக்கும் அழுத்த வரம்பு 17,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), .357க்கு 35,000. இரண்டு மடங்குக்கு மேல். 1935இல் .357 மேக்னம் வந்தபோது கேஸை நீட்டியதே இதற்காகத்தான். பலமான தோட்டா பழைய .38 சேம்பருக்குள் நுழையவே கூடாது என்று வைத்த பூட்டு அந்த மூன்றரை மில்லிமீட்டர். அதை நாமே கழற்றக் கூடாது.

இனி தேர்வுக்கு வருவோம்.

காகிதத்தில் துளை போட வேகம் தேவையில்லை. 148 கிரெயின் எடையுள்ள வாட்கட்டர் குண்டு நொடிக்கு 700 முதல் 750 அடி வேகத்தில் போனால் போதும். வாட்கட்டர் என்பது மூக்கே இல்லாத, மட்டமான முகம் கொண்ட உருளைக் குண்டு. பஞ்சிங் மெஷினில் குத்தியதுபோல வட்டமாகத் துளை போடும். கோட்டைத் தொட்டதா இல்லையா என்ற தகராறு புள்ளி எண்ணும்போது வராது. இந்தக் குண்டுக்காக நூறாண்டுக்கு மேலாகச் சீர்செய்யப்பட்ட கேஸ் .38 ஸ்பெஷல். கேஸின் ஏறத்தாழ பாதி ஆழத்தைக் குண்டே எடுத்துக்கொள்ளும். மிச்ச இடம் சிறியது. அதில் வேகமாக எரியும் மருந்து சிறிதளவு போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரேமாதிரி எரியும். அதே மருந்தை .357 கேஸில் போட்டால் வெற்றிடம் கூடுகிறது. கேஸ் படுத்த நிலையில் மருந்து பிரைமர் (கேஸின் அடியில் தீ மூட்டும் சிறு மூடி) பக்கம் குவிந்திருக்கிறதா, குண்டின் பக்கம் குவிந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து வேகம் மாறும். குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) கிடைத்தால் நீங்களே பார்க்கலாம். குழலை இலக்குப் பக்கமே வைத்துத் தரைநோக்கிச் சாய்த்து, மெல்ல நிமிர்த்தி ஐந்து சுடுங்கள். பிறகு வானம் நோக்கிச் சற்று உயர்த்தி, மெல்ல இறக்கி ஐந்து. வானம் நோக்கி உயர்த்த உங்கள் ரேஞ்சில் அனுமதி இல்லையென்றால் முதல் பாதியை மட்டும் செய்து, சாதாரணமாகச் சுட்ட ஐந்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு கேஸிலும் இதைச் செய்து பார்த்தவர்கள் வாட்கட்டருக்கு .38ஐ விட்டு நகர்வதில்லை.

மருந்து என்ன என்று கேட்பீர்கள். அலையன்ட் புல்ஸ்ஐ, வின்செஸ்டர் 231 (ஹாட்ஜ்டன் ஹெச்பி-38 என்று விற்பதும் இதே மருந்துதான்), டைட்குரூப். மூன்றில் எது கிடைக்கிறதோ அது. 148 கிரெயின் குழிவடி வாட்கட்டருக்கு 2.7 கிரெயின் புல்ஸ்ஐ மருந்து என்பது பல தலைமுறை புல்ஸ்ஐ போட்டியாளர்கள் சுட்டுத் தேர்ந்த அளவு. அதற்காக என் எழுத்தைப் பார்த்துத் தராசை வைக்க வேண்டாம். மருந்துக் கம்பெனியின் இப்போதைய அட்டவணையை எடுத்து, உங்கள் குண்டின் வகைக்கு நேரே உள்ள தொடக்க அளவில் ஆரம்பியுங்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஆக 2.7 வீதம் ஒரு டப்பாவில் ஏறக்குறைய 2,590 தோட்டா வரும். முழு மேக்னம் தோட்டாவுக்கு ஹெச்110 சுமார் 15 கிரெயின் வேண்டும், அதே ஒரு பவுண்டில் 470ஐத் தாண்டாது. பணக் கணக்கும் .38 பக்கம்தான்.

இந்தச் சிறிய அளவில்தான் ரீலோடிங்கின் மிகப் பெரிய அபாயமும் இருக்கிறது. 2.7 கிரெயின் மருந்து கேஸின் அடியில் சில மில்லிமீட்டர் உயரத்துக்குக் கிடக்கும். தவறி இரண்டு முறை போட்டாலும் கேஸ் வழியாது, மூன்று முறை போட்டாலும் வழியாது. கண்ணால் பார்த்தால் மட்டுமே தெரியும். ஆகவே கை வேலைக்கு ஓர் ஒழுங்கு வையுங்கள். பிரைமர் பொருத்தி, வாய் விரித்த கேஸ்கள் எல்லாம் இடப்பக்க மரக்கட்டையில் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கட்டும். ஒன்றை எடுத்து நிமிர்த்தி, மருந்து போட்டு, வலப்பக்கக் கட்டையில் நிமிர்த்தி வையுங்கள். கவிழ்ந்த கேஸில் மருந்து இருக்க முடியாது, நிமிர்ந்ததில் இல்லாமல் இருக்கக் கூடாது. ஐம்பதும் நிரம்பியதும் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து வரிசை வரிசையாக உள்ளே பாருங்கள். மட்டம் ஒன்றில் மேலேயோ கீழேயோ இருந்தால் கண் உடனே பிடிக்கும். சந்தேகப்பட்டதைக் கொட்டி மறுபடி போடுங்கள், எடைபோட்டுச் சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். பத்துக்கு ஒன்று தராசில் ஏற வேண்டும். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். நடுவில் போன் வந்தால் பிரஸ்ஸின் கைப்பிடியை மேலேற்றிவிட்டு, அந்தக் கேஸைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது குண்டு. வாட்கட்டரில் இரண்டு வகை. அடியில் குழிவுள்ளது, மென்மையான ஈயத்தை அச்சில் அழுத்திச் செய்தது. மற்றது வார்த்து எடுத்த, இரண்டு முகமும் மட்டமான கெட்டிக் குண்டு. குழிவுள்ளது சுடும்போது அடிப்பாவாடை விரிந்து குழலின் வரிகளை (உள்ளே சுழலாக வெட்டிய பள்ளங்களை) நன்றாகப் பற்றிக்கொள்ளும். குறிக்கு அதுவே மேல். ஆனால் அதை வேகமாக ஓட்டக் கூடாது. அழுத்தம் கூடினால் பாவாடை கிழிந்து, மேல்பகுதி போய்விட, வளையம் குழலில் மாட்டிக்கொள்ளும். ".357தானே" என்று மருந்தைக் கூட்டிப் பார்ப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

இந்தக் குண்டு .38 கேஸில் ஆழமாக இறங்குவதால் ஒரு சங்கடம் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. கேஸின் சுவர் வாய்ப்பக்கம் மெல்லியது, அடி நோக்கிப் போகப் போகத் தடிக்கும். குண்டின் அடி அந்தத் தடித்த பகுதியை எட்டினால் மென்மையான பாவாடை நசுங்கி, .358 அங்குலமாக இருக்க வேண்டியது .355க்குச் சுருங்கிப்போகும். பிறகு எந்த மருந்து போட்டாலும் குறி சரியாக விழாது, குழலில் ஈயம் படியும். பிளஸ் பி (கூடுதல் அழுத்தத் தோட்டா) முத்திரை உள்ள கேஸ்களில் இது வர வாய்ப்பு அதிகம். சோதிப்பது எளிது. பிரைமரோ மருந்தோ இல்லாத வெறும் கேஸில் ஒரு குண்டை முழு ஆழத்துக்கு இறக்கி, குண்டை எடுக்கும் சுத்தியல் வகைப் புல்லரால் தட்டி வெளியே எடுங்கள். (கேஸின் வாய்மட்டத்துக்கு இறங்கிய வாட்கட்டரைக் காலெட் புல்லரால் பிடிக்க முடியாது.) பாவாடையை மைக்ரோமீட்டரில் அளந்து, பெட்டியில் உள்ள புதிய குண்டோடு ஒப்பிடுங்கள். தெளிவாகத் தெரியும் அளவுக்குச் சுருங்கியிருந்தால் அந்தக் கம்பெனிக் கேஸை வாட்கட்டருக்கு வைக்காதீர்கள், 158 கிரெயின் குண்டுக்கு ஒதுக்குங்கள். டை செட்டோடு வரும் எக்ஸ்பாண்டர் (கேஸின் வாயை விரிக்கும் முளை) பெரும்பாலும் ஜாக்கெட் (செம்பு உறை போட்ட) குண்டுக்கானது, குட்டையானது. வாட்கட்டருக்கென்றே நீளமான எக்ஸ்பாண்டர் தனியாக விற்கிறார்கள். அதை வாங்கினால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீரும். அந்தக் காசு வீண் போகாது.

உங்கள் ஆயிரம் கலப்படக் கேஸை இப்போது பிரிக்கலாம். அடியில் உள்ள முத்திரை பார்த்துக் குவியல் குவியலாக வையுங்கள். பிளஸ் பி தனி. நிக்கல் பூச்சு உள்ளவை தனி: அவற்றின் வாயில் சீக்கிரம் விரிசல் விழும், பழகுவதற்கு வைத்துக்கொள்ளலாம். எந்தக் குவியல் பெரிதோ, எது பாவாடையை நசுக்கவில்லையோ, அதுதான் உங்கள் போட்டிக் கேஸ். முந்நூறு தேறினால் நீண்ட நாளுக்குப் போதும். இந்த மெல்லிய அழுத்தத்தில் ஒரு கேஸைப் பலமுறை திரும்பப் பயன்படுத்தலாம். போட்டிக் குவியலை மட்டும் ஒருமுறை ஒரே நீளத்துக்கு வெட்டிவிடுங்கள். நீளம் மாறினால் கிரிம்ப் மாறும், கிரிம்ப் மாறினால் குறி மாறும்.

வாய் விரிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். குண்டு கேஸின் மேல் நேராக உட்காரும் அளவுக்கு விரிய வேண்டும். குறைவாக விரித்தால் கேஸின் ஓரம் ஈயத்தைச் சீவும். குண்டுக்குப் பக்கத்தில் பளபளப்பாக ஒரு ஈய வளையம் சுருண்டு நின்றால் அதுதான் அடையாளம். அதிகமாக விரித்தால் கேஸில் சீக்கிரம் விரிசல் விழும், அவ்வளவுதான். குண்டைக் கேஸின் வாய்மட்டத்துக்கு, அல்லது ஒரு மயிரிழை வெளியே தெரியும்படி இறக்கிப் பிறகு மெல்லிய கிரிம்ப். குண்டை இறக்குவதையும் கிரிம்ப் செய்வதையும் இரண்டு தனி வேலையாகச் செய்யுங்கள். ஒரே இழுப்பில் இரண்டையும் செய்தால் குண்டு இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் மூடி, மென்மையான ஈயத்தைப் பிதுக்கும். கடைசியில் தோட்டாவை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். குண்டின் அடி இருக்கும் இடத்தில் கேஸின் இடுப்பில் ஒரு மெல்லிய புடைப்பு சுற்றிலும் சமமாகத் தெரிந்தால் சரி. ஒருபக்கம் மட்டும் புடைத்திருந்தால் குண்டு கோணலாக இறங்கியிருக்கிறது.

பிரைமர் சாதாரண சிறிய பிஸ்டல் பிரைமர். மேக்னம் பிரைமர் தேவையில்லை. கேஸின் அடிமட்டத்துக்கு ஒரு மயிரிழை உள்ளே இருக்க வேண்டும், ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். மேலே நின்றால் சிலிண்டர் சுழலாமல் தடுக்கும், அல்லது முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகித் தோட்டா வெடிக்காது.

நீள சேம்பரில் குட்டைக் கேஸ் குறியைக் கெடுக்கும் என்று படித்ததாகச் சொன்னீர்கள். கோட்பாட்டில் உண்மை. .38 கேஸிலிருந்து கிளம்பும் குண்டு, சிலிண்டரின் முன்பகுதியில் உள்ள குறுகலான தொண்டையை அடைவதற்குள் மூன்றரை மில்லிமீட்டர் அதிகமாகத் தாண்ட வேண்டும். ஆனால் 25 கஜத்தில் அதைவிடப் பெரிய காரணங்கள் உங்கள் ரிவால்வரிலேயே இருக்கின்றன. ஆறு சேம்பரின் தொண்டையும் ஒரே அளவா? துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, சிலிண்டரைத் திறந்து, .358 ஈயக் குண்டு ஒன்றை முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தொண்டையிலும் வைத்துப் பென்சிலால் தள்ளுங்கள். மெல்லிய அழுத்தத்தில் நழுவிப் போனால் சரி. தானாக விழுந்தால் தொண்டை பெரிது. தட்டினால்தான் போகும் என்றால் சிறிது, குண்டைச் சுருக்கிவிடும், ஈயம் படியும். பிறகு சேம்பர்களுக்கு எண் போட்டு, மணல்பை மேல் வைத்து, ஒவ்வொரு சேம்பரிலும் ஐந்து ஐந்தாகத் தனித்தனி இலக்கில் சுடுங்கள். ஐந்து சேம்பரின் குண்டுகள் ஒரே இடத்தில் கூடி ஒரு சேம்பருடையவை மட்டும் விலகி நின்றால், இத்தனை நாள் 'கை தவறியது' என்று நினைத்த குண்டுகளுக்கு அந்தச் சேம்பர் பொறுப்பு. .38, .357 வாதத்தைவிட இந்தச் சோதனை உங்கள் புள்ளியை அதிகம் உயர்த்தும்.

குட்டைக் கேஸால் வரும் உண்மையான தொல்லை குறியில் இல்லை, அழுக்கில் இருக்கிறது. .38 கேஸின் வாய் முடியும் இடத்துக்கு முன்னால் சேம்பரில் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். நூறு நூறாகச் சுட்டுவிட்டுச் சுத்தம் செய்யாமல் .357 தோட்டாவைப் போட்டால் அது முழுதாக உள்ளே போகாது. பலவந்தமாகத் தள்ளிச் சுட்டால் கேஸின் வாய் விரிய இடமில்லாமல் குண்டைப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும், வெற்றுக் கேஸும் ஒட்டிக்கொள்ளும். தீர்வு என்னவென்றால் ஒவ்வொரு முறை சுட்டு முடித்ததும் சேம்பரைத் துடைப்பதுதான். சேம்பருக்கு .40 அளவு வெண்கல பிரஷ், சால்வென்ட், பத்து இழுப்பு. பழைய வளையம் இறுகியிருந்தால் சுட்டு முடித்த .357 கேஸ் ஒன்றின் வாயை எக்ஸ்பாண்டரில் சற்று அதிகமாக விரித்து, சேம்பரில் கையால் தள்ளித் திருகுங்கள். பித்தளை ஓரம் வளையத்தைச் சுரண்டி எடுத்துவிடும், எஃகுக்குச் சேதம் வராது.

இப்போது கடைக்காரருடைய பதில் யாருக்குப் பொருந்தும் என்று பார்க்கலாம். ஒரே ரிவால்வரில் வாரம் ஒருநாள் மென்மையாகவும் மறுவாரம் முழு மேக்னமாகவும் சுடுகிறவர்களுக்கு, சேம்பர் வளையம் வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கு, மேசையில் ஒரே வகைக் கேஸ் போதும் என்பவர்களுக்கு .357 கேஸ் நியாயமான தேர்வு. அதில் 158 கிரெயின் செமி-வாட்கட்டர் (மட்டமான முனையோடு குறுகிய மூக்கு உள்ள) ஈயக் குண்டை, .357 அட்டவணையிலேயே கொடுத்திருக்கும் மெல்லிய அளவில் போட வேண்டும். .38 அட்டவணை அளவை அப்படியே மாற்றிப் போட்டால் இடம் பெரிதானதால் வேகம் இறங்கும், ஜாக்கெட் குண்டாக இருந்தால் குழலில் நிற்கவும் கூடும். மெல்லிய தோட்டாவுக்கு ஜாக்கெட் குண்டே வேண்டாம். மிகக் கடினமான வார்ப்பு ஈயமும் வேண்டாம். குறைந்த அழுத்தத்தில் அது விரியாது, வாயு பக்கவாட்டில் பாய்ந்து குண்டை அரிக்கும், குழலின் முதல் ஓர் அங்குலம் ஈயப்பூச்சு பூசிக்கொள்ளும். பலர் 'மென்மையான ஈயம்தான் குழலை அழுக்காக்கும்' என்று நம்பிக் கடினமானதைத் தேடி வாங்குகிறார்கள். மெல்லிய தோட்டாவில் நிலைமை நேர் எதிர்.

உங்கள் இருநூறு .357 கேஸைத் தனி டப்பாவில் வைத்துவிடுங்கள். டை இரண்டுக்கும் ஒன்றுதான், கேஸின் விளிம்பைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரும் ஒன்றுதான், ஆனால் விரிப்பது, இறக்குவது, கிரிம்ப் செய்வது மூன்றுக்கும் உயரம் மாறும். சில செட்டுகளில் 0.135 அங்குல ஸ்பேசர் வளையம் வரும். .357க்கு அதை டையின் கீழே போட வேண்டும், .38க்கு எடுத்துவிட வேண்டும். .38 செட்டிங்கில் ஒரே ஒரு .357 கேஸ் கலந்தாலும் கிரிம்ப் டை அதை நசுக்கிவிடும். கலப்படம் கண்ணுக்குத் தப்பும், அதனால் கேஸ்களைத் தட்டையான மேசையில் நிறுத்திவைத்து மேல்மட்டம் பாருங்கள்.

கேம்ப் பெர்ரி பற்றி. ஈரி ஏரிக்கரையில் 1907 முதல் தேசியப் போட்டி நடக்கும் இடம் அது. உங்கள் ஊரிலிருந்து காரில் போய்வரும் தூரம்தான். 2700 புள்ளிப் போட்டியில் .22, சென்டர்ஃபயர் (அடியின் நடுவில் பிரைமர் உள்ள தோட்டா), .45 என்று மூன்று பகுதி. உங்கள் 686 சென்டர்ஃபயர் பகுதிக்கு ஏற்றது, .22, .45 பகுதிகளுக்கு வேறு துப்பாக்கிகள் வேண்டும். நிதானச் சுடுதல் 50 கஜத்தில், பத்து நிமிடத்தில் பத்துக் குண்டு. 25 கஜத்தில் ஐந்து குண்டுக்கு 20 நொடி, அடுத்த கட்டத்தில் ஐந்து குண்டுக்கு 10 நொடி. பத்து நொடியில் கட்டைவிரலால் ஹேமரை இழுத்து இழுத்து ஐந்து சுட வேண்டுமானால், உதைத்த துப்பாக்கி கையில் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். .38 வாட்கட்டரில் பிடி நழுவுவதில்லை. மேக்னம் சுடுகிறவர் ஒவ்வொரு குண்டுக்கும் பிடியைத் திருத்திக்கொண்டிருப்பார்.

50 கஜத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் குழலின் வரி 18¾ அங்குலத்துக்கு ஒரு சுற்று. மெதுவான சுற்று. கோல்ட் பைத்தானில் 14 அங்குலத்துக்கு ஒன்று. குழிவடி வாட்கட்டர் வேகம் குறைந்து போகும்போது 50 கஜத்தில் தள்ளாடத் தொடங்கலாம். துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் விழுந்தால் அதுதான் காரணம். அப்போது அட்டவணைக்குள் நின்று 0.1 கிரெயின் கூட்டிப் பாருங்கள், சரியாகவில்லையென்றால் 50 கஜத்துக்கு மட்டும் அதே .38 கேஸில் 158 கிரெயின் செமி-வாட்கட்டருக்கு மாறுங்கள். இரண்டுக்கும் சைட் மாறும், எத்தனை கிளிக் என்று குறித்துவையுங்கள்.

முதல் முறை நிறையச் செய்துவிட வேண்டாம். தொடக்க அளவில் இருபது, அதிலிருந்து 0.1 கூட்டி இருபது, இன்னொரு 0.1 கூட்டி இருபது, மூன்றும் அட்டவணையின் உச்ச அளவுக்குள். பெட்டியின் மேல் கேஸ், குண்டு, மருந்து, அளவு, பிரைமர், தேதி எல்லாம் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டாக நான்கு குழு, 25 கஜம், மணல்பை. எது நான்கு குழுவிலும் ஒரேமாதிரி கூடுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு அதிசயக் குழு போட்டதை அல்ல. சுடும்போது ஒரு சத்தம் மட்டும் 'புஸ்' என்று மெல்லியதாகக் கேட்டாலோ உதை குறைந்தாலோ விரலை டிரிகரிலிருந்து எடுத்துவிடுங்கள். குழலை இலக்குப் பக்கமே அரை நிமிடம் வைத்திருந்து, சிலிண்டரைத் திறந்து காலிசெய்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். குண்டு நின்றிருந்தால் எண்ணெய் விட்டுப் பித்தளைக் கம்பியால் தட்டி எடுக்க வேண்டும். அன்றைக்கு அந்தப் பெட்டியில் மிச்சமுள்ளதைச் சுட வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்து, ஒவ்வொன்றின் மருந்தையும் எடைபோடுங்கள்.

கேஸ் துலக்கும்போது வரும் தூசியிலும் பிரைமர் கரியிலும் ஈயம் இருக்கிறது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் உலர் டம்ளரை (கேஸைத் துலக்கும் கருவியை) உள்ளே வைக்க வேண்டாம், தண்ணீரில் கழுவும் வகையே நல்லது. மேசை வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு.

அன்புடன்.